ஓட்டமோ, இனமோ, வேரோ? — ஒரு சொல்லின் சரித்திரம்

சிங்கப்பூரிலே, தமிழ் மக்கள் மிகுதியாகக் கூடும் இடமாகிய தேக்காவில், சிராங்கூன் சாலைக்கு இணையாக மற்றொரு சாலை செல்கின்றது. அதற்கு ரேஸ் கோர்ஸ் சாலை என்று பெயர். இன்று அங்கே குதிரையும் இல்லை, பந்தயமும் இல்லை. மீன்தலைக் கறிக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் பெயர் பெற்ற உணவுச்சாலைகள் இருக்கின்றன. பெயர் மட்டும் பழையபடியே நிற்கின்றது.

அச் சாலையிலே நடந்து செல்லும் சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவன் தன் சட்டைப்பையிலுள்ள அடையாள அட்டையை எடுத்துப் பார்ப்பானாயின், அதிலும் 'ரேஸ்' என்னும் அதே ஆங்கிலச் சொல் அச்சிடப்பட்டிருக்கக் காண்பான். சாலையின் பெயரில் அதற்கு ஓட்டப்பந்தயம் என்பது பொருள். அட்டையில் அதற்கு இனம் என்பது பொருள். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. ஆயின் பொருளோ ஒன்றுக்கொன்று யாதோர் உறவும் இல்லாதது. இஃது எங்ஙனம் நேர்ந்தது? இதனை ஆராய்வது சொல் விளையாட்டுக்காக அன்று. ஒரு சொல் மனிதரைத் தரம் பிரிக்கும் கருவியாகும்போது, அச் சொல்லின் பிறப்பையும் வளர்ப்பையும் கேட்டறிவது அறிவுடையார் கடமை என்பதற்காகவேயாம்.

ஆங்கில அகராதியிலே 'ரேஸ்' என்பது ஒரு சொல்லன்று, மூன்று சொற்கள். மூன்றும் மூன்று நாட்டிலிருந்து வந்து ஒரே உடையை உடுத்துக்கொண்டவை. முதலாவது, வடகடல் நாட்டாரின் பழைய நார்ஸ் மொழியிலுள்ள 'ராஸ்' என்பதிலிருந்து வந்தது. அதற்கு ஓட்டம், பாய்ச்சல் என்பன பொருள். குதிரைப் பந்தயத்தையும், ஆலைச் சக்கரத்தைச் சுழற்றப் பாயும் நீர்க்காலையும் ஆங்கிலேயர் அச் சொல்லாலேயே குறிப்பர்.

இரண்டாவது, வேர் என்னும் பொருளுடையது. இலத்தீனில் 'ரேடிக்ஸ்' என்பது வேர். அது பிரெஞ்சு மொழி வழியாகத் தேய்ந்து 'ரேஸ்' என ஆயிற்று. ஷேக்ஸ்பியரின் 'வின்டர்ஸ் டேல்' நாடகத்தில், ஆட்டுமயிர் கத்தரிக்கும் விழாவின் விருந்துக்குச் சாமான் வாங்கப் புறப்படும் ஒருவன், தன் பட்டியலிலே இஞ்சியை இந்த 'ரேஸ்' என்னும் சொல்லாலேயே எண்ணுகின்றான். முள்ளங்கிக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'ராடிஷ்' என்ற பெயரும் இவ் வேரிலிருந்து கிளைத்ததுதான். இங்கே தமிழர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. இஞ்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஜிஞ்சர்' என்ற பெயர், இஞ்சி என்பதன் பழைய திராவிட வடிவமும் வேர் என்பதும் சேர்ந்து, பாலியில் 'சிங்கிவேர' என்றும், கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்' என்றும் மாறி மேற்கே சென்றது என்பது மொழிநூலார் முடிபு. தெற்கிலிருந்து கப்பலேறிய வேரை மேற்கிலே மற்றொரு வேர்ச்சொல் வரவேற்றது என்க.

மூன்றாவதுதான் நாம் அஞ்சவேண்டிய சொல். மனித இனம் என்ற பொருளுடைய 'ரேஸ்', இத்தாலிய மொழியின் 'ரட்ஸா' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்தது. இந்த 'ரட்ஸா' எங்கிருந்து பிறந்தது என்பது பற்றிப் புலவரிடையே நெடுங்காலம் வழக்கு நடந்தது. வேர் என்ற சொல்லிலிருந்து வந்தது என்றார் சிலர். காரணம் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து என்றார் சிலர். 1959-ம் ஆண்டில் ஜியான்பிராங்கோ கொந்தினி என்ற இத்தாலிய அறிஞர், பழைய பிரெஞ்சில் குதிரை வளர்க்கும் பண்ணையைக் குறிக்கும் 'ஹராஸ்' என்ற சொல்லே இதன் தாய் என்று எடுத்துக் காட்டினார். அவர் கூற்றைப் பலர் ஏற்றனர். அது மெய்யாயின், மனிதரைப் பிரிக்கும் அச் சொல் பிறந்த இடம் குதிரை லாயமேயாம்!

இதற்கு அரண் செய்யும் சான்று ஸ்பெயின் நாட்டில் உண்டு. 1611-ம் ஆண்டில் செபாஸ்தியான் தே கோவரூபியாஸ் என்பவர் அச்சிட்ட ஸ்பானிய அகராதியில், 'ராஸா' என்பதற்கு முதற்பொருள் நல்ல குதிரைகளின் சாதி என்பது. குதிரைக்குச் சொன்ன அவர், மனிதர் குலத்துக்கு வரும்போது அச் சொல் இழிவாகவே கொள்ளப்படும் என்றும், மூர் மரபோ யூத மரபோ கலந்திருப்பதைக் காட்டும் என்றும் எழுதி வைத்தார். அவர் பொருள் விளக்கக் கையாண்ட 'காஸ்தா' என்ற சொல்லையே போர்த்துக்கேசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்து நம் சாதிகளுக்குப் பெயராக இட்டனர். ஆக, 'ரேஸ்' என்பதும் 'காஸ்ட்' என்பதும் ஒரே அகராதியின் ஒரே வரியிலே உடன்பிறந்தார் போல் நின்றவை. நம் நாட்டிலும் உயர்ந்த குதிரையைச் 'சாதிக் குதிரை' என்றே சொல்லி வருகிறோம் அன்றோ? விலங்குக்கு ஏற்பட்ட அளவுகோலை மனிதனுக்குப் பிடித்துப் பார்க்கும் மதியீனம் ஒரு கண்டத்துக்கு மட்டும் உரியதன்று.

நிற்க. இவ்விரு 'ரேஸ்'களும் சிங்கப்பூரில் ஒரே மைதானத்தில் சந்தித்த வரலாற்றை இனிக் கூறுவோம்.

1842-ம் ஆண்டில் டபிள்யூ. எச். ரீட் முதலிய ஐரோப்பிய வணிகர் கூடிச் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்ற சங்கத்தை ஏற்படுத்தினர். சிராங்கூன் சாலைக்கு அருகே சதுப்பாய்க் கிடந்த நிலத்தைத் திருத்தி, 1843-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி முதற் பந்தயத்தை நடத்தினர். பரிசு 150 வெள்ளி. அதனை வென்றவர் ரீட்தாம். குதிரையைத் தேய்த்துக் கழுவித் தீனி வைத்துப் பழக்கியவரிற் பலர், ஜாவாக் கடலிலுள்ள பாவியான் தீவிலிருந்து வந்த பாயானியர். பந்தயத்திடலுக்கு அப் பக்கமெல்லாம் நீரும் புல்லும் மிகுந்திருந்தமையால் மாட்டு வணிகம் பெருகிற்று. எருமைச் சாலை என்னும் பொருளுடைய பஃபலோ ரோடும், எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லால் அமைந்த கெர்பாவ் ரோடும் அதற்குச் சான்று. மாட்டு வணிகத்தால் செல்வரான பெலிலியோஸ் என்ற யூதர் பெயரால் இன்றும் அங்கே ஒரு சாலை உண்டு. மாடு மேய்க்கவும், பால் கறக்கவும், செங்கல் அறுக்கவும் வந்த தமிழர் அங்கே குடியேறினர்.

வாசகர்கள் இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். 1822-ம் ஆண்டில் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. சீனருக்கு ஓரிடம், அராபியருக்கு ஓரிடம், பூகிஸ் மக்களுக்கு ஓரிடம், ஐரோப்பியருக்கு ஓரிடம், தென்னிந்தியராகிய சூலியருக்கு ஆற்றோரத்திலே ஓரிடம். அத் திட்டத்தில் சிராங்கூன் சாலை இந்தியரிடமாகக் குறிக்கப்படவில்லை. அது தொழிலால் வளர்ந்த இடமேயன்றி, எவரும் இனம் பார்த்து வகுத்த இடமன்று. ஆதலாலேயே அதன் தெருக்களில் எல்லாரும் கலந்திருந்தனர். ரேஸ் கோர்ஸ் சாலையிலேயே ஆயிரம் விளக்குகளுடைய சாக்கியமுனி புத்தகயா ஆலயமும், லியோங் சான் சீ என்ற சீனக் கோயிலும், பூச்சௌச் சீனரின் மெதடிஸ்ட் தேவாலயமும் இருக்கின்றன. 'ரேஸ்' என்ற பெயருடைய சாலை, 'ரேஸ்' என்ற கருத்தைப் பொய்யாக்கி நிற்கின்றது என்று சொன்னால் மிகையாகாது.

பந்தயம் நடத்திய அதே ஆட்சி, மக்கட் கணக்கும் எடுத்தது. பழைய கணக்குகளில் நம்மவரைக் 'கிளிங்' என்று எழுதினர். 1891-ம் ஆண்டுக் கணக்கில் 'தமிழரும் ஏனைய இந்தியச் சுதேசிகளும்' என்னும் கருத்துள்ள தலைப்பின் கீழ்ப் பார்சிகளையும் வங்காளிகளையும் பர்மியரையுங்கூடச் சேர்த்தனர். முதலில் 'தேசியம்' என்று தலைப்பிட்ட இடத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ரேஸ்' என்ற சொல்லை அமர்த்தினர். சொல் மாறிற்றேயன்றிக் குழப்பம் தீரவில்லை. 1931-ம் ஆண்டுக் கணக்கை நடத்திய அதிகாரி வ்லீலண்ட் என்பவரே, இத் தலைப்பு விஞ்ஞான முறைப்படி அமைந்ததன்று, பல கருத்துக்களின் கலவையைச் சுட்டுவதேயாம் என்று தம் அறிக்கையில் ஒப்புக்கொண்டார். ஒருவன் பேசும் மொழியா, பிறந்த நாடா, வழிபடும் தெய்வமா, உடலின் நிறமா, எதைக் கொண்டு இனம் தீர்ப்பது? கணக்கெடுப்போருக்கே விளங்காத ஒன்றை, கணக்கில் எழுதப்பட்டவன் தன் இரத்தத்தில் ஓடுவதாக நம்பத் தலைப்பட்டான். அட்டவணைக்கு வசதியாகப் போட்ட கோடு, மனத்திலே மதிலாக எழுந்தது.

மைதானத்துக்குத் திரும்புவோம். 1911-ம் ஆண்டு மார்ச்சு 16-ந் தேதி ஜோசப் கிறிஸ்தியான்ஸ் என்ற பெல்ஜியர் சிங்கப்பூரின் முதல் விமானத்தைப் பறக்கவிட்டது அங்கேதான். 1919-ம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித் இறங்கியதும் அங்கேதான். 1933-ம் ஆண்டில் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிற்று. பழைய திடல், நகராட்சித் தலைவராயிருந்த ஃபேரர் என்பவர் பெயரால் ஃபேரர் பார்க் என வழங்கலாயிற்று. குதிரை போன பிறகு, மற்ற 'ரேஸ்' அங்கே வந்து சேர்ந்தது.

1942-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். இரண்டு நாட் கழித்து, 17-ந் தேதி, ஒரே கொடியின் கீழ்ப் போரிட்ட படையை இனத்தால் பிரித்தனர். பிரிட்டிஷாரும் ஆஸ்திரேலியரும் சாங்கிக்கு நடந்தனர். இந்தியச் சிப்பாய்கள் ஃபேரர் பார்க்குக்கு வரவேண்டும் என்று கட்டளை பிறந்தது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் அத் திடலில் அமர்ந்திருக்க, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார். புஜிவாரா பேசியதை ஆங்கிலத்திலும் இந்துஸ்தானியிலும் மொழிபெயர்த்தனர். பிறகு காப்டன் மோகன் சிங் எழுந்து, இந்திய தேசிய இராணுவத்தில் சேருமாறு அழைத்தார்.

இதன் உட்பொருளை எண்ணிப் பார்ப்போம். அந்தச் சிப்பாய்களைப் படையிற் சேர்த்ததே இனம் பார்த்துத்தான். 1857-ம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், 'வீர இனங்கள்' என்ற கொள்கை ஒன்றைப் பிரிட்டிஷார் வளர்த்தனர். பஞ்சாபியும் கூர்க்காவும் பிறவியிலேயே வீரர் என்றும், தென்னாட்டார் போருக்கு ஆகாதவர் என்றும் படைத்தலைவர் ராபர்ட்ஸ் போன்றோர் எழுதினர். ஆங்கிலேயர் ஆட்சிக்கு அடிகோலிய சென்னைப் படைகளே, அக் கொள்கையால் ஒவ்வொன்றாய்க் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஆட்பஞ்சம் ஏற்பட்டபோதோ, வீரமற்றவர் எனத் தள்ளிய அதே தென்னாட்டாரைக் கூப்பிட்டுச் சென்னைப் படையை மீண்டும் அமைத்தனர். தேவை வந்தவுடன் கொள்கை மறைந்த விந்தையைப் பாருங்கள்!

மலேயாவில் நடந்தது இதனினும் பெரிது. ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். 1943-ம் ஆண்டில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். அதற்குத் தலைமை தாங்கிய லட்சுமி, சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து மருத்துவத் தொழில் நடத்தியவர். எந்த இரத்தத்தில் வீரம் இல்லை என்று ஏட்டில் எழுதினார்களோ, அந்த இரத்தத்துப் பெண்டிரே படை நடத்தினர்.

வெள்ளையர் பேசிய இனவாதத்துக்குப் பதிலாக, ஆசியர் அனைவரும் ஒன்று என்று ஜப்பானியர் முழங்கினர். அம் முழக்கத்தின் மெய்ம்மை யாது? சரணடைந்த சில நாட்களுக்குள்ளேயே சிங்கப்பூர்ச் சீனரை ஆயிரக்கணக்கில் பிரித்தெடுத்துக் கடற்கரைகளில் சுட்டுக் கொன்றனர். ஆசியர் ஒன்று என்று சொல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரைச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பட்டினியாலும் அங்கே மாண்ட தமிழர் பல்லாயிரவர். ஆகவே இனம் என்ற சொல்லைக் கொண்டு தாழ்த்துவோரிடம் மட்டுமன்று, அதே சொல்லைக் கொண்டு தழுவுவோரிடமும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும் என்பதே அக் காலம் நமக்குக் கற்பித்த பாடம்.

போருக்குப் பின்னும் அச் சொல் ஓயவில்லை. 1964-ம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரில் மலாயருக்கும் சீனருக்குமிடையே கலகம் மூண்டு உயிர்கள் மாண்டன. 1965-ல் நாடு தனித்தது. 1966-ம் ஆண்டில் பள்ளிப்பிள்ளைகள் எடுத்துக்கொள்வதற்கென ஒரு தேசிய உறுதிமொழி ஏற்பட்டது. இனம், மொழி, சமயம் ஆகியவற்றைப் பாராட்டாது ஒரே மக்களாய் வாழ்வோம் என்பது அதன் கருத்து. அதனை முதலில் எழுதியவர் எஸ். இராஜரத்தினம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த தமிழர். சிங்கப்பூரராக இருப்பது பிறந்த மரபினால் அன்று, கொண்ட உறுதியாலும் செய்த தேர்வாலுமே என்பது அவர் கொள்கை.

ஆயினும் அட்டையில் இனம் நின்றது. சீனர், மலாயர், இந்தியர், மற்றையோர் என நான்கு கட்டங்கள். 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் தமிழரும், மலையாளிகளும், பஞ்சாபியரும், பாகிஸ்தானியரும், வங்காளதேசத்தவரும், இலங்கைச் சிங்களவரும் அடங்குவர். இக் கட்டங்கள் தீமைக்கே என்று கூறுதல் நேர்மையாகாது. 1989-ம் ஆண்டு முதல் அரசாங்கக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்தாருக்கும் அளவு வகுத்திருப்பது, ஓரினத்தார் மட்டுமே ஒரிடத்தில் கூடிப் பிரிந்து போகாதிருத்தற்காகவே. சேர்த்து வைப்பதற்கும் எண்ணிக்கை தேவைப்படுகின்றது. ஆனால் அளவு நிரம்பிய கட்டடத்தில், வீடு விற்க விரும்பும் சிறுபான்மையான் வாங்குவோரைத் தேடி அலையவும் நேர்கின்றது. 2011-ம் ஆண்டு முதல், கலப்பு மணத்திற் பிறந்த குழந்தைக்கு இரண்டு இனங்களையும் இணைத்து எழுத இடமளிக்கப்பட்டது. ஒரு கட்டத்துக்குள் அடங்காத மனிதன் பிறந்தபோது, வளைந்து கொடுத்தது கட்டமே. உண்மை எப்பக்கம் இருந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? ரிச்சர்டு லெவோண்டின் என்ற உயிர்நூலார் 1972-ம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டியபடி, மனிதரிடையேயுள்ள மரபு வேற்றுமைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயே இருக்கின்றது. கூட்டங்களுக்கு இடையே உள்ளது எஞ்சிய சிறு பங்குதான்.

இனி நம் மொழியைப் பார்ப்போம். இந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதப் புகுந்தோர் சாதி என்றனர், வகுப்பு என்றனர், இனம் என்றனர். சென்னை மாகாணத்தில் வகுப்புக் கலவரம் என எழுதப்பட்டது, இலங்கையிலும் சிங்கப்பூரிலும் இனக் கலவரம் எனப்பட்டது. வழக்கில் நிலைத்தது இனம் என்பதே. ஆனால் தமிழில் அச் சொல்லுக்குப் பண்டு தொட்டு உள்ள பொருள் யாது? திருக்குறளின் நாற்பத்தாறாம் அதிகாரம் சிற்றினம் சேராமை. அங்கே இனம் என்பது பிறந்த குலம் அன்று. ஒருவன் சேர்ந்து பழகும் கூட்டம். நிலத்தின் தன்மையால் நீர் மாறுவது போல், சேர்ந்த இனத்தின் தன்மையால் மனிதன் அறிவு மாறும் என்கிறார் வள்ளுவர். பிறப்பால் ஒட்டியதாயின் 'சேராதே' என்று அறிவுறுத்துவதற்குப் பொருளேது? தேர்ந்துகொள்வதும் விட்டு நீங்குவதும் மனிதன் கையில் உள்ளது என்பதாலன்றோ அவ்வறம் கூறப்பட்டது!

இலக்கணத்திலும் அப்படியே. ககரத்துக்கு ஙகரம் இனம். தகரத்துக்கு நகரம் இனம். ஒன்று வல்லெழுத்து, மற்றொன்று மெல்லெழுத்து. ஓசையில் மாறுபட்டும், பிறக்கும் இடம் முதலிய ஒப்புமையால் அவை இனமாயின. ஓரிடத்திலே வாழ்வோர் வேறுபட்டிருந்தும் இனமாகலாம் என்பதை நெடுங்கணக்கிலேயே படித்தவன் தமிழன். அவ்வாறிருக்க, குதிரைப் பண்ணையின் பொருளை நம் இனம் என்ற சொல்லுக்குள் இறக்குமதி செய்துகொண்டது பெருங்கேடு.

பிறரைக் குற்றம் கூறி முடிப்பது நேர்மையாகாது. 'கிளிங்' என்று இகழ்ந்தபோது வெகுண்ட தமிழர், கப்பலேறி வந்தும் சாதியைக் கரையிலே விட்டு வரவில்லை. வெள்ளையன் தன்னை ஒரே இனமென எழுதிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, பக்கத்துத் தமிழனை எந்தச் சாதி என்று கேட்டவரும் இருந்தனர். அதனாலேயே 1932-ம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்ற வேண்டியிருந்தது. 1952-ம் ஆண்டில் கோ. சாரங்கபாணியார் முயற்சியால் தொடங்கிய தமிழர் திருநாளும், சாதி சமயம் பாராது தமிழர் கூடுவதற்காக ஏற்பட்டதேயாம். இனவேற்றுமையை எதிர்க்கும் வாய் சாதியைக் காக்குமாயின், அவ்வெதிர்ப்புக்கு மதிப்பில்லை. இரண்டும் ஓரே லாயத்தில் கட்டப்பட்டவை என்பதை அகராதியே காட்டிற்று.

2024-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி சிங்கப்பூரில் கடைசிக் குதிரைப் பந்தயம் நடந்து முடிந்தது. 1843-ல் தொடங்கியது 181 ஆண்டுகளில் ஓய்ந்தது. குதிரைக்குரிய 'ரேஸ்' நின்றுவிட்டது; மனிதருக்கு இட்ட 'ரேஸ்' இன்னும் நிற்கவில்லை. எந்தக் குதிரை எந்தக் குதிரைக்குப் பிறந்தது என்று ஏடு எழுதி வைப்பது பந்தயக்காரனுக்குத் தேவையாயிருந்திருக்கலாம். மனிதனுக்கு அந்த ஏடு வேண்டா. நம் பிள்ளைகள் அடையாள அட்டையிலே இனம் என்ற சொல்லைப் படிக்கும்போது, அது அரசாங்கம் எண்ணுவதற்கு இட்ட குறி என்பதையும், தமக்குரிய இனம் தாம் ஆராய்ந்து சேர்ந்துகொள்ளும் நல்லோர் கூட்டமே என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வோமாக. சொல்லின் சரித்திரம் தெரிந்தவனைச் சொல் ஆள முடியாது.